தாரிகாவின் இடது காது

6 ஜூன் 2022

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெனிட்டா டீச்சர் இன்று ஒரு நோட்டைத் தந்தார். "மெஷின் மாட்டுன பெறகு, பாப்பா எந்தச் சத்தத்துக்குத் திரும்பறா, எதுக்குத் திரும்பலைன்னு தெனமும் தேதி போட்டு எழுதோணுமுங்க" என்று சொல்லிவிட்டு, அதை என் கணவரின் அக்கா கையில் கொடுத்தார். நியாயம்தான். சத்தத்தைப் பற்றி எழுத வேண்டியவருக்குக் காது கேட்க வேண்டும். எனக்குக் கேட்காது.

வரும் வழியில் பஸ் நிலையத்துக் கடையில் இந்த நோட்டை வாங்கினேன். சும்மாதான். வீட்டில் ஒரு நோட்டு இருந்தால் எதற்காவது ஆகும்.

பின்னால் யாராவது படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன். என் பெயர் நவமணி. கரூரில், போர்வை ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. ஒன்பது வயதில் மூளைக் காய்ச்சல் வந்து இரண்டு காதும் போய்விட்டது. அதுவரை கேட்ட தமிழ் உள்ளே அப்படியே இருக்கிறது. உதட்டைப் பார்த்து முக்கால்வாசியைப் பிடித்துக்கொள்வேன். என் கணவர் பசுபதி பிறவியிலேயே கேட்காதவர். பஸ் பாடி கட்டும் பட்டறையில் தகடு அடிக்கிறார். நாங்கள் கையால் பேசிக்கொள்வோம். அதைத்தான் இங்கே தமிழாக எழுதப் போகிறேன். மகள் தாரிகாவுக்கு இரண்டு வயது ஒரு மாதம். அவளுக்கும் பிறவியிலேயே கேட்காது. அறுபத்தெட்டு சைகை செய்வாள். எண்ணியிருக்கிறேன்.

வரும் பதினான்காம் தேதி கோவையில் ஆபரேஷன். காதுக்குள்ளே நத்தைக் கூடு மாதிரி ஒன்று இருக்கிறதாம். அதற்குள் முடிபோல மெல்லிய கம்பியை வைத்துவிட்டு, வெளியே காதின்மேல் மெஷினை மாட்டினால் சத்தம் நேராக நரம்புக்குப் போய்விடும். டாக்டர் என் முகத்துக்கு நேரே மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ரெண்டு காதுக்கும் ஒண்ணாவே பண்ணிரலாம்மா. சின்ன வயசுலயே ரெண்டு பக்கமும் பழகிட்டா மூளை சுலபமா ஏத்துக்கும்."

பசுபதி ஒரு விரலைக் காட்டினார். ஒன்று. வலது மட்டும்.

ஏன் ஒன்று என்று அவருடைய அக்கா எழுதிக் கேட்டார். இவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். படிவத்தில் வலது காது என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். எனக்கு என்ன தோன்றுகிறது என்று யாரும் கேட்கவில்லை. அதனால் நான் சொல்லவில்லை.

14 ஜூன்

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எங்களுக்கு அது பயன்படாது. எனவே முறை வைத்துக்கொண்டோம். ஒருவர் கண் சிமிட்டினால் மற்றவர் கதவைப் பார்க்க வேண்டும். மூன்றரை மணி நேரம்.

உள்ளே அழைத்துப் போகும் முன் பசுபதி நர்ஸை நிறுத்தினார். குளுக்கோஸ் ஏற்றும் ஊசியை வலது கையில் குத்த வேண்டாம் என்று காட்டினார். நர்ஸுக்குப் புரியவில்லை. நான் எழுதிக் காட்டினேன்: 'அவள் அந்தக் கையால்தான் பேசுவாள்.' நர்ஸ் அதைப் படித்தார். ஊசியை இடது கையில்தான் போட்டார்கள்.

15 ஜூன்

விழித்ததும் வலது கையால் தண்ணீர் கேட்டாள். வாந்தி எடுத்தாள். மறுபடியும் தண்ணீர் கேட்டாள்.

7 ஜூலை

இன்று மெஷினை முதன்முதலாக முடுக்கினார்கள். பெனிட்டா டீச்சரும் வந்திருந்தார். கம்ப்யூட்டரில் சத்தத்தின் அளவை ஒவ்வொரு கோடாக ஏற்றிக்கொண்டே போனார்கள். தாரிகா பொம்மைக் காரின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றது. கண் அகன்றது. உதடு பிதுங்கியது. அப்புறம் அப்படி ஒரு அழுகை. என் கழுத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டாள்.

"வலிக்கிறதா?" என்று பசுபதி என்னிடம் கேட்டார். முகம் வெளுத்திருந்தது.

"வலி இல்லை. சத்தம்."

"சத்தம் என்றால் இப்படியா இருக்கும்?"

அவருக்கு என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த சத்தமெல்லாம் ஒன்பது வயதோடு நின்றுவிட்டது. அப்பாவின் மொபெட், குக்கர் விசில், பள்ளிக்கூட மணி. அதில் எதுவும் அழ வைக்கும்படி இல்லை என்று சொன்னேன்.

டீச்சர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். "அழுதா நல்லதுங்க. கேக்குதுன்னு அர்த்தம்."

19 ஜூலை

நங்கையா சாந்தாமணி தினமும் காலையில் இரண்டு மணி நேரம் வந்து பாப்பாவோடு பேசுகிறார். (கணவரின் அக்காவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.) நல்ல மனசு. தன் வீட்டு வேலையை விட்டுவிட்டு வருகிறார்.

டீச்சர் இன்று வீட்டுக்கு வந்தார். "நீங்களும் பேசோணுமுங்க. அம்மா கொரல் வேணும்" என்றார். என் குரல் நன்றாக இருக்காது என்று எழுதிக் காட்டினேன். "யார் சொன்னாங்க?" என்றார்.

ஏழாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் படித்தேன். வகுப்பே குனிந்துகொண்டது. தோள்கள் குலுங்குவதைப் பார்த்தேன். தமிழம்மாகூட வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். அன்றிலிருந்து வெளியாட்கள் முன் நான் வாய் திறப்பதில்லை. வீட்டிலும் தேவை இல்லை. இவருக்கும் கேட்காது, எனக்கும் கேட்காது. இதையெல்லாம் டீச்சருக்கு எழுதவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன்.

3 ஆகஸ்ட்

குக்கரில் ஆவி சீறியதும் திரும்பினாள். மிக்ஸிக்குத் திரும்பினாள். தட்டு விழுந்ததற்குத் திரும்பினாள். பால்காரர் பெல்லுக்குத் திரும்பவில்லை.

மெஷின் அடிக்கடி காதிலிருந்து நழுவுகிறது. பசுபதி பட்டறையிலிருந்து பஸ் சீட்டுக்குப் போடும் நீல ரெக்ஸினில் ஒரு துண்டு கொண்டுவந்து, ஓரம் மடித்துத் தைத்து, தலைப்பட்டை செய்துவிட்டார். டீச்சர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார், மற்ற பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டுமாம். இவர் சாப்பிடும்போது மூன்று தடவை பட்டையைச் சரி செய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

22 செப்டம்பர்

தாரிகா இன்று முதல் சொல் சொன்னாள். 'அம்மா.' உதடு தெளிவாகச் சேர்ந்து பிரிந்தது, நானே பார்த்தேன். நங்கையாவைப் பார்த்துச் சொன்னாள்.

நங்கையா பதறிப்போய், "ஐயோ சாமி, நா அத்தை. அம்மா அங்க, அங்க பாரு" என்று என் பக்கம் கை காட்டினார். தாரிகா என்னைப் பார்த்து, கையால் 'அம்மா' என்றாள். சரியாகத்தான் சொன்னாள். எனக்குக் கை, அவருக்கு வாய்.

நல்ல நாள். மதியம் போர்வை நான்கையும் துவைத்தேன். திரைச்சீலைகளையும் துவைத்தேன்.

16 அக்டோபர்

ஒன்றைக் கவனித்தேன். எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகள் இடது பக்கம் நின்று கூப்பிட்டாலும் தாரிகா வலது பக்கம்தான் திரும்புகிறாள். அங்கே யாரும் இல்லையென்றதும் சுற்றுமுற்றும் பார்க்கிறாள். அதற்குள் அவர்கள் ஓடிவிடுகிறார்கள். நங்கையாவின் நோட்டில் 'கூப்பிட்டதும் திரும்பினாள்' என்று டிக் போட்டிருக்கிறது. எந்தப் பக்கம் என்று இல்லை. காது கேட்பவர்களுக்குச் சத்தம் வந்த பக்கம் தானாகத் தெரிந்துவிடும் போலிருக்கிறது. அதனால் அது கண்ணில் படுவதில்லை.

என் வேலையே ஒரு கட்டுப் போர்வையில் ஒரு தையல் விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது. நாளையிலிருந்து குறிக்கிறேன்.

30 அக்டோபர்

ஐம்பத்திரண்டு தடவை குறித்தாயிற்று. சத்தம் இடது பக்கமிருந்து வந்தது இருபத்தாறு. அதில் இருபத்து மூன்று தடவை வலது பக்கம் திரும்பினாள். கோடு போட்டு அட்டவணை செய்தேன். பசுபதியிடம் காட்டினேன். பார்த்தார். நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

6 நவம்பர், ஞாயிறு

காலையில் சாப்பிட்டதும் பசுபதி இரண்டு எவர்சில்வர் தட்டும் ஒரு ஸ்பேனரும் எடுத்துக்கொண்டார். தாரிகாவைக் கூடத்தின் நடுவில் உட்காரவைத்து அவள் முன் விளையாட்டுக் கட்டைகளைக் கொட்டினார். என்னை அவளுக்கு எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்க்கச் சொன்னார். தான் பின்னால் போய் நின்றுகொண்டார்.

தனக்குக் கேட்காத சத்தத்தை இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி அடித்தார். எவ்வளவு ஓங்கி அடிப்பது என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். இவர் நிறுத்தவில்லை.

இடது பக்கம் அடித்தார். தாரிகா வலது பக்கம் திரும்பினாள். மறுபடி இடது. மறுபடி வலப்பக்கம் திரும்பி, அங்கே அப்பாவைத் தேடினாள். காணோம். பன்னிரண்டாவது தடவை அவள் தேடவே இல்லை. கட்டையை அடுக்கிக்கொண்டிருந்தாள். இல்லாத இடத்தில் எத்தனை தடவைதான் தேடுவாள்?

பசுபதி ஸ்பேனரைத் தரையில் வைத்தார். பாப்பாவின் இடப்பக்கம் வந்து உட்கார்ந்து அவள் தோளைத் தொட்டார். அவள் சிரித்து, 'அப்பா இங்கே' என்று கையால் சொன்னாள்.

பசுபதி என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார்.

11 நவம்பர்

பெனிட்டா டீச்சர் நங்கையாவின் நோட்டைப் பார்த்துவிட்டு, என் நோட்டின் அட்டவணையைப் பார்த்தார். வேறு பக்கங்களைப் புரட்டிவிடாதபடி நான் விரலால் பிடித்துக்கொண்டேன். "இது யாருங்க போட்டது?" என்றார். நங்கையா என்னைக் காட்டி, "எங்க மணிதானுங்க. எனக்கு இது தட்டவே இல்லீங்க பாருங்க" என்றார்.

அட்டவணையைப் போட்டோ எடுத்துக் கோவை டாக்டருக்கு அனுப்பினார். இனிமேல் டீச்சர் எல்லாப் பெற்றோரையும் 'எந்தப் பக்கம்' என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளச் சொல்லப் போகிறாராம்.

மதியச் சாப்பாட்டுக்கு வடை பாயசம். விசேஷம் ஒன்றும் இல்லை. பருப்பு ஊறவைத்திருந்தேன்.

24 ஜனவரி 2023

இரண்டாவது ஆபரேஷன், இடது காது. நன்றாக முடிந்தது என்று டாக்டர் வெளியே வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

காத்திருக்கும்போது, முதலில் ஏன் ஒன்று என்றீர்கள் என்று பசுபதியைக் கேட்டேன். ஏழு மாதமாகக் கேட்காத கேள்வி. அவர் யோசித்து யோசித்துச் சொன்னார்.

"ஒரு காது எனக்கு என்று நினைத்தேன். இரண்டையும் கொடுத்துவிட்டால் அவள் முழுக்க அந்தப் பக்கம் போய்விடுவாள். அங்கே நான் வர முடியாது."

"இப்போது?"

"தட்டு அடித்த அன்றைக்கு நான் இடப்பக்கம்தான் நின்றேன். என்னைத் தேடினாள், கிடைக்கவில்லை. எனக்கென்று வைத்த காதால்தான் நான் அவளுக்குத் தொலைந்துபோனேன்." பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "காது இரண்டும் அவளுக்கு இருக்கட்டும். எனக்கு இது இரண்டும் போதும்."

நானும் இதற்குத்தான் பயந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. இப்போது எனக்கு அப்படிப் பயம் ஒன்றும் இல்லை.

16 பிப்ரவரி

இடது மெஷினையும் முடுக்கினார்கள். அழவில்லை. நெற்றியைச் சுருக்கி, கையால் 'பூச்சி' என்றாள். புதுக் காதில் இப்போதைக்கு எல்லாமே பூச்சி மாதிரி இரைகிறதாம். தினமும் ஒரு மணி நேரம் பழைய காதின் மெஷினைக் கழற்றிவிட்டு, புதுக் காதோடு மட்டும் பேச வேண்டும். இல்லாவிட்டால் அது சோம்பேறியாகிவிடும் என்றார் டீச்சர்.

27 பிப்ரவரி

நங்கையாவின் மகளுக்குப் பிரசவம். அவர் பல்லடம் போயிருக்கிறார். வர இரண்டு மாதம் ஆகும். போகும்போது என் கன்னத்தைத் தட்டி, "நீதான் பாத்துக்கோணும் அம்மிணி" என்றார்.

டீச்சருக்கு வாட்ஸப்பில் கேட்டேன்: இரண்டு மாதம் நிறுத்தி வைக்கலாமா?

பதில் வந்தது: 'ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. நீங்க இருக்கீங்கல்ல?'

28 பிப்ரவரி

ஜன்னலைச் சாத்தினேன். கதவைச் சாத்தினேன். பேசினேன்.

1 மார்ச்

நேற்று எழுதியதை விரித்து எழுத வேண்டும்.

வலது மெஷினைக் கழற்றிவிட்டு, தாரிகாவை மடியில் முதுகு காட்டி உட்காரவைத்தேன். என் முகம் தெரியக் கூடாது என்பது டீச்சர் சொன்ன முறை. எனக்கும் அது வசதியாக இருந்தது. என்ன பேசுவது? இருபத்திரண்டு வருஷமாக முழு வாக்கியம் எதையும் குரல் விட்டுச் சொன்னதில்லை. தொண்டையில் கை வைத்து, அதிர்கிறதா என்று பார்த்துக்கொண்டு, "தாரிகா" என்றேன்.

அவள் முதுகு நிமிர்ந்தது.

மறுபடி, "தாரிகா."

திரும்பி என் வாயைப் பார்த்தாள். விரலை என் உதட்டில் வைத்தாள். கையால் கேட்டாள்: 'அம்மா, சத்தம்?'

ஆமாம், அம்மா சத்தம் என்றேன்.

அப்புறம் நாற்பது நிமிடம் வெங்காயம், கத்தரிக்காய், அவள் கவுன், பஸ், அப்பா, போர்வை என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னேன். நடுவில் ஜன்னலைத் திறந்துவிட்டேன். புழுக்கமாக இருந்தது.

9 மார்ச்

பந்து, பால், பல். நான் சொல்லச் சொல்ல மூன்றையும் இடது காதாலேயே பிரித்துக் கேட்டுக் காட்டினாள். என் வாயைப் பார்க்காமல்.

2 ஏப்ரல்

இன்று அடுப்படியிலிருந்து கூப்பிட்டேன். இரண்டு மெஷினும் மாட்டியிருந்தாள். முன் அறையில் அப்பாவோடு விளையாடிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு இடது பக்கம், சுவருக்குப் பின்னால் இருந்தேன். பசுபதி பார்த்ததைச் சொல்கிறேன்: வலது பக்கம் திரும்பவே இல்லையாம். நேராக இடது பக்கம் திரும்பி, எழுந்து, அப்பாவிடம் 'அம்மா கூப்பிடுது' என்று கையால் சொல்லிவிட்டு ஓடி வந்தாள். அடுப்படி வாசலில் நின்று "என்னம்மா?" என்றாள். வாயால்.

எதற்குக் கூப்பிட்டேன் என்று எனக்கே மறந்துபோயிற்று. கையில் இருந்த தேங்காய்ச் சில்லைக் கொடுத்தேன்.

பசுபதி ஓடிவந்து, "மறுபடி கூப்பிடு, மறுபடி கூப்பிடு" என்றார். ஏழு தடவை கூப்பிட்டேன். ஏழு தடவையும் வந்தாள். எட்டாவது தடவை, "போம்மா" என்று வாயால் சொன்னாள். அதையும் குறித்துக்கொண்டேன்.

5 மே

நங்கையா பல்லடத்திலிருந்து திரும்பிவிட்டார். நான் பேசுவதை இன்றுதான் முதலில் கேட்டார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. கொஞ்சம் தயங்கி, "மணி, தப்பா நெனச்சுக்காத. நீ பேசறதக் கேட்டுக் கேட்டு இவளுக்கும் அப்படியே வந்துருமோன்னு பயமா இருக்குது" என்றார்.

நான் தப்பாக நினைக்கவில்லை. எனக்கும் அந்தப் பயம்தான். அதற்குப் பிறகு இன்று பேசவே இல்லை. தாரிகா என் உதட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

8 மே

நான் மூன்று நாளாகப் பேசாததைப் பார்த்து, நங்கையாவே என்னையும் தாரிகாவையும் டீச்சரிடம் அழைத்துப் போனார். டீச்சர் தாரிகாவைத் தனியாக உட்காரவைத்து அரை மணி நேரம் பேச வைத்தார். வெளியே வந்து எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து, எனக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "பேச்சு சுத்தமா இருக்குதுங்க. அவ தெருவுல கேக்கறா, உங்ககிட்ட கேக்கறா, டிவில கேக்கறா. எல்லார் கொரலும் ஒரே மாதிரி இருக்காதுன்னு கத்துக்கிட்டா. அம்மா சொல்றத ஒண்ணு விடாம புரிஞ்சுக்கறா. மூணு நாளா பேசலியாமே? ஏனுங்க?"

நங்கையா அழுதுவிட்டார். "என்னாலதானுங்க." பஸ்ஸில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "பேசு மணி. எனக்கும் கேக்கோணும்" என்றார்.

10 ஜூன் 2024

ஒரு வருஷத்துக்கு மேல் எழுதவில்லை. நேரம் இல்லை. தாரிகா வாய் ஓயாமல் பேசுகிறாள். பதில் சொல்லவே பொழுது போய்விடுகிறது.

இன்று அவளுக்கு எல்.கே.ஜி. முதல் நாள். பக்கத்துத் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிதான். பசுபதி பட்டறைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தேய்த்த சட்டை போட்டு வந்தார்.

தலைமை ஆசிரியை தாரிகாவிடம் பெயர், வீடு, பிடித்த காய் எல்லாம் கேட்டார். கத்தரிக்காய் பிடிக்காது என்றாள். அப்பா எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டார். தாரிகா உடனே பதில் சொல்லவில்லை. முதலில் பசுபதி பக்கம் திரும்பி, 'மிஸ் உன் வேலையைக் கேட்கிறார்கள்' என்று கையால் சொன்னாள். அவர் கையால் விளக்கினார். அதை வாங்கிக்கொண்டு மிஸ்ஸிடம், "எங்கப்பா பஸ் செய்வாங்க. முழு பஸ்ஸு" என்றாள். நாங்கள் இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நான்கு வயதில் தானாகத் தெரிந்து வைத்திருக்கிறாள். பசுபதி சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

வகுப்பு வாசலில் விடும்போது, "டிபன் பாக்ஸ மூடிக் கொண்டு வா. மெஷினத் தண்ணில நனைக்காத" என்று சொன்னேன். பக்கத்தில் நின்றிருந்த ஒரு சிறுமி என் வாயையே பார்த்தாள். பிறகு தாரிகாவிடம் என்னவோ கேட்டாள். அந்தச் சிறுமி எனக்குப் பக்கவாட்டில் நின்றிருந்தாலும் உதடு தெரிந்தது.

"ஏன் உங்கம்மா இப்படிப் பேசறாங்க?"

என் கை தானாக வாய்ப் பக்கம் போயிற்று. ஏழாம் வகுப்புப் பெஞ்சுகள் எல்லாம் ஒரு கணம் கண் முன்னால் வந்தன.

தாரிகா அந்தச் சிறுமியைப் புரியாமல் பார்த்தாள். கேள்வியே அவளுக்கு விளங்கவில்லை. அப்புறம் சொன்னாள்:

"அதுதான் எங்கம்மா கொரலு. உங்கம்மா கொரலு எப்படி?"

அந்தச் சிறுமி தலையைச் சாய்த்து யோசித்தாள். அதற்குள் மணி அடித்திருக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பி உள்ளே ஓடிவிட்டார்கள்.

பசுபதி, "என்ன கேட்டாள்? என்ன சொன்னாள்?" என்று என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

பள்ளிக்கூட வாசலில், சாலையைக் கடக்கும் முன், "போலாமுங்களா?" என்று அவரைக் கேட்டேன். கையால் கேட்டிருக்க வேண்டும். வாயால் கேட்டுவிட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டிருப்பேன் போலிருக்கிறது. டீக்கடையில் நின்றிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன்.